பீரங்கியின் பெயரும் இழுவையின் பலமும்: புள்ளலூர்ப் போர் (1780) குறித்து ஒரு மறுவாசிப்பு

1. கேள்வி

1780 செப்டம்பர் 11ஆம் நாள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, தன்னிடமிருந்த கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துப் பெரிய குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். முந்தைய நாள்தான் காஞ்சிக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் படை மைசூரின் ஹைதர் அலியாலும் அவர் மகன் திப்புவாலும் அழிக்கப்பட்டிருந்தது. புள்ளலூர்த் தோல்வியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். குளத்தில் மூழ்கிய பீரங்கிகளோ ஒரு பின்குறிப்பாகவே நின்றுவிட்டன.

இக்கட்டுரை அந்தப் பின்குறிப்பை மையத்துக்குக் கொண்டுவருகிறது. மன்றோவின் படை காஞ்சியில் தோற்கடிக்கப்படவில்லை. அவர் அனுபவமற்றவரும் அல்லர். 1764இல் பக்சாரில் வென்றவர். அப்படிப்பட்ட தளபதி, பரங்கிமலையிலிருந்து பாடுபட்டு இழுத்துவந்த பீரங்கிகளைத் தன் கையாலேயே ஏன் நீரில் மூழ்கடித்தார்? இதற்கு விடை தேடினால், புள்ளலூர்ப் போருக்கு இதுவரை தரப்பட்ட விளக்கங்களையும் மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது.

2. நிகழ்வுகளின் வரிசை

1779இல் கம்பெனி, ஹைதரின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹியைக் கைப்பற்றியது. 1769 உடன்படிக்கையில் வாக்களித்த உதவியைக் கம்பெனி தரவில்லை என்ற கசப்பு ஹைதருக்கு ஏற்கெனவே இருந்தது. 1780 ஜூலையில் அவர் கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அவருடைய படையில் 80,000 முதல் 90,000 பேர் இருந்ததாக ஆங்கிலேயப் பதிவுகள் கூறுகின்றன. தோற்றவர்கள் எழுதிய கணக்கு என்பதால் இதில் மிகைக்கு இடமுண்டு. ஆயினும் அவருடைய குதிரைப்படை சென்னையின் சுற்றுப்புறம்வரை சூறையாடியதில் ஐயமில்லை.

மன்றோ ஏறக்குறைய 5,000 பேருடன் ஆகஸ்ட் இறுதியில் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். குண்டூரிலிருந்த பெய்லி ஏறக்குறைய 2,800 பேருடன் தெற்கே வந்து அவரோடு சேர வேண்டும் என்பது திட்டம். ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றை அடைந்தார். அன்றே கடக்காமல் வடகரையில் தங்கினார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் கடக்க முடிந்தது. செப்டம்பர் 6இல் பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்துத் தாக்கினார். காஞ்சி அங்கிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பெய்லி உதவி கேட்டு எழுதினார். மன்றோ முழுப் படையுடன் கிளம்பாமல், கர்னல் பிளெட்சரின் தலைமையில் ஏறக்குறைய 1,000 பேரை அனுப்பினார். வழிகாட்டிகளை நம்பாத பிளெட்சர் தடம் மாற்றி இரவோடிரவாக நடந்து 9ஆம் நாள் பெய்லியை அடைந்தார்.

அன்று மாலை கிளம்பிய கூட்டுப்படை, வழியில் இரவு நின்றுவிட்டது. 10ஆம் நாள் காலை ஹைதரின் முழுப் படையும் அதைச் சூழ்ந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பின்தொடர்ந்து வந்த பொதுமக்கள் கூட்டம் அணிகளுக்குள் புகுந்து ஒழுங்கைக் குலைத்தது. பிளெட்சர் கொல்லப்பட்டார். காயமடைந்த பெய்லி சரணடைந்தார்; 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார்.

3. இதுவரை தரப்பட்ட விளக்கங்கள்

இத்தோல்விக்கு நான்கு விளக்கங்கள் வழக்கில் உள்ளன.

முதலாவது, வெடிவிபத்து. வண்டிகள் வெடிக்காமல் இருந்திருந்தால் பெய்லி தப்பியிருப்பார் என்பது ஆங்கிலேய நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கூற்று. திப்பு 1784இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்திலும் வெடிக்கும் வண்டி இடம்பெற்றிருக்கிறது. பல்லக்கில் பெய்லி அமர்ந்திருக்கிறார். வென்றவரும் தோற்றவரும் ஒரே கணத்தை நினைவுக்குத் தேர்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, தளபதிகளின் தவறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் தொடங்கிப் பலர் மன்றோவின் தயக்கத்தையும் பெய்லியின் தங்கல்களையும் குறை கூறினர்.

மூன்றாவது, பிரெஞ்சு உதவி. ஹைதரிடம் பணியாற்றிய லாலியின் ஐரோப்பியப் பிரிவே வெற்றிக்குக் காரணம் என்ற கருத்து, இந்தியப் படை தானாக வெல்லாது என்ற முன்முடிவில் நிற்கிறது. அதைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

நான்காவது, ஏவுகணை. மைசூர்ப் படையின் இரும்புக் குழல் வாணங்கள் பின்னர் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவின் ஆய்வுகளுக்கு வழிவகுத்தன. அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் வாணப்படையைக் காட்டும் ஓவியத்தைக் கண்டதை அப்துல் கலாம் தன் வரலாற்றில் பதிவு செய்தார். இந்தப் பெருமிதம் நியாயமானது. ஆனால் வாணம் குதிரைகளையும் கூட்டத்தையும் கலைக்க வல்லதே ஒழிய, குறி தவறாத ஆயுதம் அன்று. அது தனியாக ஒரு படையை அழித்தது என்று கூற இயலாது.

இந்த நான்கு விளக்கங்களும் செப்டம்பர் 10ஆம் நாளின் சில மணி நேரத்தையே பார்க்கின்றன. 22 கிலோமீட்டர் தொலைவில் இருந்த 5,000 பேர் நான்கு நாள்களாக ஏன் அசையவில்லை என்ற கேள்விக்கு, இரண்டாவது விளக்கம் மட்டுமே விடை தர முயல்கிறது. அதுவும் மன்றோவின் குணத்தோடு நின்றுவிடுகிறது.

4. பெயர் சொல்வதும் மறைப்பதும்

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பீரங்கிகளுக்கு, அவை எறியும் இரும்புக் குண்டின் எடையால் பெயரிட்டார்கள்: மூன்று பவுண்டர், ஆறு பவுண்டர், பன்னிரண்டு பவுண்டர், இருபத்துநான்கு பவுண்டர். ஆயுதச் சாலைக் கணக்கருக்கும் குண்டு வழங்குபவருக்கும் இது வசதியான முறை. எந்தக் குழலுக்கு எந்தக் குண்டு என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் படையை நடத்திச் செல்பவருக்கு அந்தப் பெயர் சொல்லாத எடைதான் முதன்மையானது. இருபத்துநான்கு பவுண்டரின் குண்டு ஏறக்குறைய 11 கிலோ. அதன் இரும்புக் குழல் மட்டும் ஏறக்குறைய 2,500 கிலோ. அதைத் தாங்கும் வண்டி, குண்டுகள், வெடிமருந்து ஆகியவற்றின் எடை தனி. ஆறு பவுண்டர் வகையின் இலேசான வெண்கலக் குழல் சில நூறு கிலோவுக்குள் அடங்கும். பெயரில் நான்கு மடங்காகத் தெரியும் வேறுபாடு, சாலையில் அதைவிடப் பன்மடங்காக வளர்ந்துவிடுகிறது. செப்டம்பர் மழையில் நனைந்த பாலாற்றுப் படுகை மண்ணில் அது இன்னும் பெருகும்.

பெயரிடும் முறை ஓர் இராணுவத்தின் கவனம் எங்கே குவிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. எறியும் ஆற்றலுக்குப் பெயரும் கணக்கும் இருந்தன. இழுக்கும் ஆற்றல் ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் விடப்பட்டது.

5. முளையும் துளையும்

பீரங்கி எப்படி இழுக்கப்பட்டது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். பீரங்கி வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். பின்புறம் நீளும் கட்டை தரையில் ஊன்றியிருக்கும். சுடும்போது பின்னுதைப்பைத் தாங்குவது அதுதான். பயணத்தின்போது அந்தக் கட்டையின் நுனியைத் தூக்கி, முன்னால் நிற்கும் இன்னொரு சிறு இருசக்கர வண்டியின் மேல் வைப்பார்கள். அந்த முன்வண்டியின் அச்சின்மீது நிமிர்ந்து நிற்கும் இரும்பு முளை, கட்டையிலுள்ள துளைக்குள் நுழையும். கழன்றுவிடாதிருக்கச் சங்கிலி மாட்டுவார்கள். இப்போது அது நான்கு சக்கர வண்டி. முன்வண்டியின் ஏர்க்காலிலும் அதற்கு முன் நீளும் கயிறு அல்லது சங்கிலியிலும் நுகத்தடிகளைக் கட்டி, மாடுகளை இணை இணையாகப் பூட்டுவார்கள்.

நகரும் பீரங்கி சுடாது. சுடும் பீரங்கி நகராது. ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு மாறுவது முளையிலிருந்து துளையைக் கழற்றுவதிலும் திரும்ப மாட்டுவதிலும்தான் நடக்கிறது. இதற்கு ஆள், நேரம், அமைதி மூன்றும் தேவை. குண்டுகள் விழும்போது மாடு மிரளும், கயிறுகள் சிக்கும். வாடகைக்கு வந்த மாட்டுக்காரர் சம்பளப் பட்டியலில் சிப்பாய் அல்லர். ஆகவே அவர் ஓடுவதற்கே வாய்ப்பு அதிகம். எல்லாப் பக்கமும் குதிரைப்படையால் சூழப்பட்ட அணிக்கு இது மிகக் கொடிய நெருக்கடி. பீரங்கியைக் கழற்றிச் சுட்டால் பயணம் நின்றுவிடும். பூட்டிக்கொண்டு நடந்தால் பீரங்கி வெறும் சுமை.

காஞ்சிபுரத்தாருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் வரதர் தேர் நிலையிலிருந்து கிளம்புவதும் மூலையில் திரும்புவதும் நிலைக்கு வந்து சேர்வதும் வடத்தையும் முட்டுக்கட்டை போடுபவரின் கைத்திறனையும் பொறுத்தவை என்பதை அவர்கள் ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறார்கள்.

6. மாடுகள் யாரிடம் இருந்தன?

கம்பெனியின் சென்னைப் படைக்கு அக்காலத்தில் போதிய சொந்த மாட்டுப் பிரிவு இல்லை. போர் மூளும்போது ஒப்பந்தக்காரர்கள் ஊர்களிலிருந்து வாடகைக்குப் பிடித்துத் தருவார்கள். உழவு மாடுதான் போர் மாடாகும். ஹைதரின் குதிரைப்படை ஊர்களை எரித்து மக்களை விரட்டியபோது, கம்பெனி இழந்தது தானியத்தை மட்டுமன்று. அதைச் சுமக்கும் மாட்டையும் சேர்த்தே இழந்தது. மன்றோ காஞ்சியை விட்டு நகராததற்கு, அங்கே திரட்டி வைத்த உணவு எதிரியின் கையில் சிக்கிவிடும் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த உணவையும் கனரகப் பீரங்கிகளையும் ஒருசேர இழுத்துச் செல்லப் போதுமான மாடு அவரிடம் இருந்திருந்தால், இந்த அச்சத்துக்கு இடமே இல்லை. அவரைக் காஞ்சியில் கட்டிப்போட்டது இழுவைப் பஞ்சமே என்பது என் வாசிப்பு. 11ஆம் நாள் குளத்தில் இறங்கிய பீரங்கிகளே இதற்கு வலுவான சான்று. வேகமாகப் போக வேண்டிய கட்டாயம் வந்த உடனே, இழுக்க முடியாதது எதுவோ அது கைவிடப்பட்டது.

மைசூரின் நிலை நேர்மாறானது. அங்கே மாடு ஓர் அரசுத் துறை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட சிக்கதேவராஜ உடையார் காலத்தில் ‘பெண்ணெ சாவடி’ என்ற பெயரில் அரண்மனைப் பால்பண்ணையாக வளர்ந்த மந்தைகளை, ஹைதர் போர் இழுவைக்குப் பயன்படுத்தினார். திப்பு அதற்கு ‘அம்ரித் மகால்’ என்று பெயரிட்டு, மேய்ச்சல் நிலம், இனப்பெருக்கம், பயிற்சி, கணக்கு ஆகியவற்றுக்கு எழுத்துப்பூர்வமான விதிகள் வகுத்தார். ஹள்ளிகார், ஹாகல்வாடி, சித்ரதுர்கா வகைகளிலிருந்து உருவான இம்மாடுகள் உடல் எடையில் சிறியவை. ஆனால் வேகத்திலும் தாங்குதிறனிலும் பெயர் பெற்றவை.

ஹைதர் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் கடந்ததற்கு இம்மாடுகளே காரணம் என்று காலனியக் காலத்து நூல்கள் கூறுகின்றன. அந்த மந்தைகளைப் பின்னர் தமதாக்கிக்கொண்டவர்களின் புகழுரை என்பதால் இந்த எண்ணைக் கவனத்தோடு கையாள வேண்டும். எண்ணைக் குறைத்துக்கொண்டாலும், அடிப்படை வேறுபாடு மறைவதில்லை. ஒரு தரப்பு தன் மாடுகளை வளர்த்துப் பழக்கியது. மறுதரப்பு போர் வந்த பிறகு தேடியது. 9ஆம் நாள் இரவுக்குள் ஹைதர் தன் பீரங்கிகளைப் புள்ளலூருக்கு நகர்த்தி, காலையில் பெய்லி நடந்துவரும் பாதையை நோக்கி நிறுத்தி வைத்திருந்தார் என்பதை இந்த வேறுபாட்டின் ஒளியில்தான் பார்க்க வேண்டும்.

7. எதிர்வாதங்கள்

இந்த வாசிப்புக்கு இரண்டு மறுப்புகள் எழலாம்.

ஒன்று, ஆகஸ்ட் 25 அன்று ஆறு வற்றியிருந்தபோதே பெய்லி கடந்திருக்கலாம். அது இழுவைச் சிக்கல் அன்று, முடிவெடுத்தலின் பிழை. இது உண்மை. அந்த ஓர் இரவு பத்து நாள் தாமதமாக வளர்ந்தது. ஆனால் அந்தத் தாமதத்தை ஈடுகட்ட மன்றோ வடக்கே நகர்ந்திருக்க முடியும். அந்த வழியை அடைத்தது அவருடைய சுமை. ஒரு தளபதியின் பிழையை இன்னொருவர் திருத்த முடியாமல் போனதில்தான் அமைப்பின் குறை தெரிகிறது.

இரண்டு, பிளெட்சரின் 1,000 பேர் எதிரியின் கண்ணில் படாமல் இரவில் போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே நடமாட்டம் முடியாத காரியம் அன்று. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை மறுக்கவில்லை. அதற்குத் துணையே நிற்கிறது. காஞ்சியின் கனத்த சுமையிலிருந்து விடுபட்ட படை ஓரிரவில் கடந்த தொலைவை, சுமையோடு கட்டுண்ட படை நான்கு நாளிலும் கடக்கவில்லை.

8. பின்னர் வந்த சான்றுகள்

புள்ளலூர் ஒரு விதிவிலக்காக இருந்தால் இந்த விளக்கம் வலுவிழக்கும். அது விதிவிலக்கன்று. மன்றோவுக்குப் பின் தலைமை ஏற்ற சர் அயர் கூட், 1781 ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல் புள்ளலூரிலேயே மீண்டும் மோதினார். அப்போரில் இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் அவ்வூரில் நிற்கின்றன. களத்தில் நின்று பிடித்தும் அவரால் ஹைதரைத் துரத்திச் செல்ல முடியவில்லை. மாடும் உணவும் இல்லை என்பது அவருடைய இடைவிடாத முறையீடு.

1791 மே மாதத்தில் வரலாறு அப்படியே திரும்பியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்துவிட்ட காரன்வாலிஸ் பிரபு, மாடுகள் பட்டினியாலும் நோயாலும் மடிந்துபோனதால், கோட்டை உடைக்கும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த முயற்சியில் தானியம் சுமக்க லம்பாடி வணிகர்களின் மாட்டுக் கூட்டங்கள் அவருக்குப் பெருந்துணை ஆயின. 1799இல் திப்பு வீழ்ந்தபின், கம்பெனி அம்ரித் மகாலைக் கலைக்கவில்லை. தன் படைக்காகப் பயன்படுத்திக்கொண்டது. வென்றவர் தோற்றவரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

9. மாறாத ஏற்றத்தாழ்வு

மாட்டின் இடத்தை இயந்திரம் பிடித்துவிட்டது. பீரங்கி இழுக்கும் இன்றைய லாரியின் பின்புறத்தில் இருக்கும் கொக்கியும், பீரங்கிக் கட்டையின் நுனியில் இருக்கும் வளையமும், பழைய முளையும் துளையும் செய்த அதே வேலையைச் செய்கின்றன. பெயரிடுவதில் இருந்த ஏற்றத்தாழ்வும் அப்படியே தொடர்கிறது.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டாங்கிகளுக்கு விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று பெயர்கள். நாட்டில் உருவான 155 மில்லிமீட்டர் பீரங்கிக்கு தனுஷ். 2018 நவம்பர் 9 அன்று மகாராஷ்டிரத்தின் தேவளாலியில் மூன்று தளவாடங்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் தானே நகரும் பீரங்கிக்கு வஜ்ரா என்ற பெயர் இருந்தது. அமெரிக்க இலகுரகப் பீரங்கிக்கு எம்-777 என்ற எண் இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டு தயாரித்த மூன்றாவது தளவாடம் ‘ஆறு சக்கரப் பீரங்கி இழுவை வண்டி’ என்ற வருணனையோடு நின்றது. 2023இல் அதே நிறுவனத்துக்கு இவ்வகை வண்டிகளுக்காக ஏறக்குறைய 800 கோடி ரூபாய் ஆணை கிடைத்தது. இராணுவம் இதன் தேவையை உணர்ந்திருக்கிறது. பொது நினைவுதான் இன்னும் எறியும் கருவியிலேயே நிற்கிறது.

10. முடிவு

புள்ளலூரில் வெடிமருந்து வண்டி வெடித்தது உண்மை. தளபதிகள் பிழை செய்ததும் உண்மை. வாணங்கள் பறந்ததும் உண்மை. ஆனால் பெய்லி தனித்து விடப்பட்டதற்கும், மன்றோ காஞ்சியில் முடங்கியதற்கும், பீரங்கிகள் குளத்தில் மூழ்கியதற்கும் பொதுவான காரணம் ஒன்றே: கம்பெனி எறியும் ஆற்றலைத் திரட்டியது, இழுக்கும் ஆற்றலைத் திரட்டவில்லை. ஹைதர் இரண்டையும் திரட்டினார்.

இந்த வாசிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாடகைக்கும் வலுக்கட்டாயத்துக்கும் பிடிக்கப்பட்ட ஒவ்வொரு மாடும் காஞ்சிச் சீமையின் ஏதோ ஓர் உழவரின் ஏரிலிருந்து அவிழ்க்கப்பட்டது. போரின் முழு விலையையும் அறிய அந்தக் கணக்கும் தேவை. அதற்கு நம்மிடம் நல்ல தொடக்கப்புள்ளி இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய செங்கல்பட்டு ஜாகிர் அளவைக் கணக்கு போருக்கு முந்தைய ஊர்களின் நிலையைக் காட்டுகிறது. அதன் மூலமான தமிழ் ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. 1794 முதல் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸின் அறிக்கை போருக்குப் பிந்தைய நிலையைச் சொல்கிறது. இவ்விரண்டையும் ஊர் ஊராக ஒப்பிட்டு, உழவும் மாடும் எவ்வளவு குறைந்தன என்பதை எழுத இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். தளபதிகளின் பெயர்களும் பீரங்கிகளின் பெயர்களும் நமக்குப் போதிய அளவு தெரியும். இழுத்தவர்களின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.